மறு: மறு: கால்சியம் சிக்னலிங் - வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் பிள்ளைங்களுக்கு ஆக்ஸிடோசின் பாடம் தமிழ்ல எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், ஒரே இடத்துல மாட்டிக்கிட்டேன். ஒன்பது அமினோ அமிலம் கோத்த அந்த ஹார்மோன் கர்ப்பப்பைத் தசை செல்லோட வெளிச்சவ்வுல இருக்கற ஏற்பில (ரிசப்டர்) வந்து உக்காருது, உள்ள வர்றதே இல்ல, ஏற்பி உள்பக்கமா ஜி-க்யூ புரதத்தை உசுப்புது, அது பாஸ்ஃபோலிப்பேஸ் சி-யை உசுப்புது, அந்த நொதி சவ்வுல இருக்கற பிப்-2ங்கற கொழுப்பை ரெண்டா வெட்டுது, அதுல ஐபி-3ங்கற துண்டு நீந்திப்போய் செல்லுக்குள்ள கால்சியத்தைச் சேத்து வெச்சிருக்கற எண்டோபிளாச வலையோட கதவைத் திறக்குது, குபீர்னு கால்சியம் கொட்டுது, தசை சுருங்குது, இடுப்பு வலி வருது. இந்த கால்சியம் சிக்னலிங்குக்கு என்ன போட? சமிக்ஞைன்னா பிள்ளைங்க ரயில்வே கேட்டை நெனைக்குதுங்க.

---

அம்மா, "சுண்ணக் குறிகை" என்று போடுங்கள். கால்சியம் என்பதே லத்தீனில் சுண்ணாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆங்கில வேதியியலாளர் டேவி 1808ல் வைத்த பெயர்தான். அவர் தன் சுண்ணாம்பை வைத்துக்கொண்டார், நாம் நம்முடையதை விடுவானேன்? ஹார்மோன் என்பதையும் இயக்குநீர் என்று மாற்றிவிடுங்கள்.

---

ஐயா மன்னிக்கணும், சுண்ணமே சூர்ணத்தோட பிராகிருத உருவம்னுதான் அகராதி சொல்லுது :) அதுவும் இல்லாம தெனமும் கால்சியம் மாத்திரை எடுத்துக் குடுக்கற பொண்ணுகிட்ட சுண்ணம்னா வெத்தலைதான் ஞாபகம் வரும்.

என் ஓட்டு "கால்சியத் தூது". குறள்ல தூது அதிகாரத்துக்கு பரிமேலழகர் தூதரை ரெண்டா பிரிக்கறார், தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான்னு. ஐபி-3 கூறியது கூறுவான், கதவைத் தட்டுறதோட சரி. கால்சியம் வகுத்துக் கூறுவான், அதே கால்சியம் கர்ப்பப்பைல சுருங்குன்னு சொல்லுது, வாசோப்ரெசின்ங்கற இன்னொரு ஹார்மோன் வந்தா ஈரல்ல கிளைக்கோஜனை (சேமிச்சு வெச்ச சர்க்கரை) உடைன்னு சொல்லுது. இதைவிட என்ன வேணும்?

---

தூது மட்டும் என்ன, தூத என்னும் வடசொல்தானே? (தூவு என்பதிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து எனக்கு உண்டு, தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.) "கால்சிய ஏவல்" என்றால் சிக்கலே இல்லை. ஒருவரை வினை செய்யத் தூண்டுவது ஏவல், இலக்கணம் படித்த எவருக்கும் புரியும்.

---

ஏவலா! பில்லி, சூனியம், ஏவல்னு வரிசையா கேட்ட காது ஐயா எங்க ஊர்க்காரங்களுக்கு. பிரசவ வார்டுல "ஏவல் வெச்சிருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க, மாமியார் மந்திரவாதியைத் தேடிப் போயிருவாங்க.

---

எங்கட பள்ளிக்கூடத்தில ஏற்பியை "வாங்கி" எண்டும், மற்றதுகளை ஓமோன், கல்சியம் எண்டும்தான் படிச்சனாங்கள், இண்டைக்கும் ஏற்பி எண்டா எனக்கு ஒருக்கா யோசிக்க வேணும். இலங்கைப் பிள்ளையளும் வாசிக்கிற மாதிரி எழுதுங்கோ அக்கா, வேற சண்டை எனக்கு வேண்டாம்.

---

நான் உயிர்வேதியியல் எடுக்கறவன், ஒரு விஷயம். தூதுன்னா தூரம் போகணும். கால்சியம் கொட்டின எடத்துக்குப் பக்கத்துலயே புரதங்க பிடிச்சு வெச்சுக்கும், தூரம் போறது ஐபி-3தான். செல்லுக்கு வெளிய இருக்கற கால்சியம் உள்ள இருக்கறதைப்போல சுமார் பத்தாயிரம் மடங்கு, வாசல்ல வெள்ளம் நிக்குது, உள்ள பம்பு போட்டு ராத்திரி பகலா எறைச்சுக்கிட்டே இருக்கு, அதனாலதான் கொஞ்சம் கசிஞ்சாலும் வீடே முழிச்சுக்குது. இன்னொண்ணு, ஒரே தடவை கொட்டி நிக்கறதும் இல்ல, விட்டு விட்டு துடிக்கும். 1986ல எலி ஈரல் செல்லுல பாத்தாங்க, ஹார்மோன் அளவு கூடக்கூட துடிப்போட உயரம் ஏறல, அடிக்கற வேகம்தான் ஏறுச்சு. இது தூது இல்ல, முரசு. "கால்சிய முரசு"ன்னு வெச்சா என்ன?

---

சார் முரசு நல்லாதான் இருக்கு, ஆனா பரீட்சைத்தாள்ல "கால்சிய முரசை விவரி"ன்னு வந்தா சிரிச்சே மார்க் போயிரும்.

---

எல்லாருக்கும் நன்றி. மணி பதினொண்ணு, காலைல ஃபைல் குடுக்கணும். தலைப்புல கால்சியத் தூது, உள்ள ரெண்டு இடத்துல கால்சியம் சிக்னல்னே விட்டுட்டேன், முரசை துடிப்பு பத்தி வர்ற பத்தில உவமையா வெச்சுட்டேன் சார். ஏற்பிக்குப் பக்கத்துல வாங்கியும் இருக்கு.

---

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். தூவு பற்றிய மடல் நாளை வரும்.