அம்மாவுக்கு முதல் கீமோ: அன்றே தங்கச்சிமடம் திரும்பலாமா?

தங்கச்சிமடம் மகள்:

வணக்கம். அம்மாவுக்கு 52 வயது. வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி; ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. வரும் செவ்வாய்க்கிழமை மதுரையில் முதல் கீமோ. சிவப்பு மருந்து, 21 நாளுக்கு ஒரு முறை என்று நான்கு தடவை, அப்புறம் வேறு மருந்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. காப்பீட்டு அட்டையில் அனுமதியும் வந்துவிட்டது.

அம்மா முப்பது வருடமாகக் கடலில் பாசி எடுக்கிறவர். பயம் என்று வாயால் சொல்ல மாட்டார். ஆனால் நேற்று ராத்திரி, பாசிக்குப் போகும்போது விரலில் சுற்றும் துணிகளையெல்லாம் துவைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அன்று என்னதான் நடக்கும்? எவ்வளவு நேரம் ஆகும்? அன்றே ஊர் திரும்பலாமா? எங்கள் தெருவில் கருவாடு காயாத வீடு இல்லை. அந்த வாடை ஒத்துக்கொள்ளுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை லாத்தா:

தங்கச்சி, 2022-ல் எனக்கும் இதே சிவப்பு மருந்துதான். காலை எட்டு மணிக்கு உள்ளே போனேன், வெளியே வரும்போது மாலை நான்கு. மருந்து ஏறியது இரண்டு மணி நேரம்கூட இருக்காது. மீதியெல்லாம் காத்திருப்பு. ரத்த அணுக்களின் எண்ணிக்கை வர வேண்டும், உயரமும் எடையும் வைத்து அளவு கணக்குப் போட வேண்டும், மருந்து கலந்து வர வேண்டும்.

வலது பக்கம் ஆபரேஷன் என்பதால் ஊசி இடது கையில்தான். முதலில் சலைன், வாந்திக்கு மருந்து. அப்புறம் நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து சிவப்பு மருந்தைப் பெரிய சிரிஞ்சில் மெதுவாக ஏற்றுவார். அந்தக் கால் மணி நேரத்தில் ஊசி இருக்கும் இடம் எரிந்தாலோ வலித்தாலோ வீங்கினாலோ அந்த நொடியே சொல்லிவிட வேண்டும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலும் சதையும் புண்ணாகிவிடும். உங்கள் அம்மா பாறையில் கை கிழிந்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தவர், பொறுத்துக்கொள்வார். எனக்கு அதுதான் கவலை. "இங்கே மட்டும் பொறுக்காதீங்கம்மா" என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். எனக்கு யாரும் சொல்லவில்லை; பாத்ரூமிலேயே அழுதுவிட்டேன். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

முதல் தடவையாவது ராத்திரி மதுரையில் தங்குங்கள். நான் அன்றே பஸ் ஏறினேன். பரமக்குடி வரும் முன்பே குமட்டல். மாத்திரை இருந்தது, விழுங்கத் தண்ணீர் தீர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தும் விடிய விடியத் தூக்கம் இல்லை. வாந்தியை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு அப்படிச் செய்யுமாம்.

வாடை விஷயம். அன்று மத்தியானம் சாப்பிட உம்மா எனக்குப் பிடித்த மீன் ஆணம் (குழம்பு) கட்டித் தந்திருந்தார். ஆசையாகச் சாப்பிட்டேன். அதோடு அந்த மீனின் வாடையே எனக்குச் சேராமல் போய்விட்டது. அதனால் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்ததை அன்று கொடுக்காதீர்கள். இட்லி, கஞ்சி போதும். எனக்கு நோன்பு இல்லாத மாதத்திலும் உம்மா நோன்புக் கஞ்சி காய்ச்சினார், அது மட்டும் இறங்கியது. கருவாட்டை முதல் வாரம் வீட்டை விட்டுத் தள்ளிக் காயப்போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். பத்தாம் நாள் எனக்கு 101. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காய்ச்சல் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ராமநாதபுரம் ஓடினோம். வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்திருந்தன. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். 100.4 வந்தால் ராத்திரி இரண்டு மணி ஆனாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மதுரை தூரம் என்றால் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், வாசலிலேயே "கீமோ நடக்கிறது" என்று சொல்லுங்கள். சிகிச்சைச் சீட்டு எப்போதும் பையில் இருக்கட்டும். கீமோ முடியும்வரை கடலும் வேண்டாம். கையில் ஒரு சின்னக் கீறல்கூட அப்போது ஆபத்து.

பாம்பன்காரர்:

ரயிலில் போங்கம்மா. என் மனைவிக்கு நடந்தபோது பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்தே நின்றுபோயிருந்தது, மண்டபம் வரை போய்த்தான் ஏறினோம். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்ததால் இப்போது உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. டாக்டரிடம் ரயில்வே சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாம் வகுப்பில் அம்மாவுக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் 75 சதவீதம் குறையும். ஸ்லீப்பரில் அம்மாவுக்குக் கட்டணமே இல்லை. படுத்துக்கொண்டு வரலாம், கழிப்பறையும் இருக்கிறது.

தங்கச்சிமடம் மகள்:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடலுக்குப் போகக் கூடாது என்ற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எரிஞ்சா சொல்லிடுறேன்" என்றார். மதுரையில் சித்தி வீட்டில் தங்குகிறோம். லாத்தா, உங்களுக்குச் சேராமல் போனது எந்த மீன் என்று அம்மா கேட்கச் சொன்னார்.

கீழக்கரை லாத்தா:

விளைமீன். எல்லாம் முடிந்து எட்டு மாதம் கழித்து உம்மா மறுபடி ஆக்கினார், சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை வெளியே வந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள் தங்கச்சி, பார்த்துக்கொண்டே இருப்பேன்.