முதல் வருசத்துக்குச் சமூகவியல்: பட்டன் ஆட்டத்துல நீங்க பார்த்தது என்னங்க? (மூணு ஊர் ஆசிரியருங்க பேசிக்கிட்டது)

திருப்பூர்:
ஸ்டார்பவர்னு ஒரு வகுப்பு ஆட்டம் (கேரி ஷர்ட்ஸ், 1969): பேரம் பேசிச் சில்லை மாத்திக்கணும், சேர்ந்த மதிப்பை வெச்சு மேல், நடு, கடைசின்னு மூணு அணி பிரியும். இங்கே சில்லுக்குப் பதிலா சட்டை பட்டன். 30 பேருக்கு 150: சிவப்பு 10, பச்சை 20, வெள்ளை 60, கறுப்பு 60. மதிப்பு 50, 25, 10, 5. ஆளுக்கு அஞ்சு, கவர்ல போட்டு. பத்து கவர்ல சிவப்பும் பச்சையும் ஒண்ணொண்ணு, அடுத்த பத்துல பச்சை ஒண்ணு, மீதியில வெறும் வெள்ளை கறுப்பு. கவர் மூலையில பென்சில் புள்ளி வெச்சுக்கணும், இல்லைன்னா எது எந்தக் கவர்னு நமக்கே மாறிப்போகும். மூணாவது சுற்றுக்கு முன்னால மேல் அணி கையில விதி எழுதற உரிமை. எழுதினது: "கடைசி அணி பேரம் பேசக்கூடாது, கேட்டதைக் குடுத்துடணும்." எப்படி ஜெயிச்சீங்கன்னா, "மூளையைப் பயன்படுத்துனோமுங்க." கவரை முன்னாலயே பிரிச்சு வெச்சதுதான்னு புள்ளியைக் காட்டின பிறகும் ஒரு பையன், "இருக்கட்டுமுங்க, விளையாடுனது நாங்கதானுங்களே" அப்படின்னான். இன்னும் உறுத்துது.

கோபி:
அதுக்கு முன்னாடியே எங்க வகுப்புல ஆட்டம் படுத்துடுச்சுங்க. மூல விதிப்படி கையைப் பிடிச்சாத்தான் பேரம், கை கட்டி நின்னா வியாபாரம் இல்லை. பசங்களும் புள்ளைகளும் கலந்த வகுப்பு. பாதிப் பேர் முதல் நிமிசத்துலயே கை கட்டிட்டாங்க. கைக்குப் பதிலா ஒரு பென்சில், ஆளுக்கொரு முனை, அப்புறம் ஓடுச்சு. ஆனா அந்தக் கட்டின கைகளைப் பத்திப் பேசியிருந்தாலே ஒரு பீரியடு போதும்.

நாமக்கல்:
பட்டனாவது பரவாயில்லைங்க. 'அப்பா அம்மா காலேஜ் படிச்சிருந்தா ஒரு அடி முன்னால வா'ங்கற ஆட்டத்தை நிறுத்துங்க. நாலாவது கேள்விக்கே கடைசியில யாருன்னு வகுப்புக்கே தெரிஞ்சுடும். நம்ம பக்கம் ஊரும் தெருவும் சொன்னாலே சாதி தெரியும், அதுக்கு மேல இது எதுக்கு? அதுக்குப் பதிலா, ஆளுக்கு ஒரு கற்பனை ஆளை அட்டையில எழுதிக் குடுங்க: 'பல்லடத்துல விசைத்தறி கூலிக்கு ஓட்டறவர் மகள்', 'நாலு லாரி வெச்சிருக்கறவர் மகன்', 'ஒடிசாவுல இருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர் தம்பி'. 30 பேருக்குப் பதினஞ்சு வகை, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு அட்டை. நீங்க வாக்கியம் படிக்க, அது அட்டையில இருக்கறவருக்குப் பொருந்தினா ஒரு அடி முன்னால வரணும். வாக்கியம் பன்னெண்டு போதும், அதுக்கு மேல நின்னே சலிச்சுடுவாங்க. முடியற வரைக்கும் அட்டையைக் காட்டக்கூடாது. ஒரே அட்டை வெச்சிருக்கற ரெண்டு பேர் வேற வேற வரிசையில நிப்பாங்க. ஏன்னு அவங்களையே கேளுங்க: லாரிக்காரர் மகனுக்குக் கடன் இருக்குமா இருக்காதான்னு சண்டை வரும். அதுதான் பாடம்.

திருப்பூர்:
அட்டையில யாருக்கும் கோபம் வராதுங்க, அதான் குறை. அடுத்தவன் கதைன்னு தள்ளி நின்னு பேசுவாங்க. பட்டன்ல கடைசி அணி பையைத் தூக்கிட்டு வெளியே போகப் பார்க்கும்.

கோபி:
போக விடுங்க, கதவுகிட்ட ஒரு ஆசிரியர் நிக்கட்டும். ஆனா ஒரே பீரியடுல வேண்டாம். ஆட்டம் 40 நிமிசம், பேச்சுக்கு அதே அளவு. பேசாம மணி அடிச்சா கோபம் ஹாஸ்டல் வரைக்கும் போகும். பட்டனை எண்ணி வாங்குங்க, சிவப்பு எப்பவும் குறையும்.