சோலார் லைனுக்கு எஸ்ஜிஏஎம் படம்: எல்லாப் பெட்டியும் நிரப்ப வேணுமோ?

முறிகண்டிப் பொடியன்:
அண்ணையவை, கடைசி வருச புரொஜெக்டுக்கு முறிகண்டிப் பக்கம் ஒரு ட்ரான்ஸ்போமரை எடுத்திருக்கிறன். லைன்ர கடைசியில மாமா வீடு, கூரையில 5 கிலோவாட் சோலார். வெய்யில் ஏற 250 வோல்ட்டைத் தாண்டும், இன்வேட்டர் தன்ரபாட்டில நிண்டிடும். மாமா என்னைத்தான் ஏசுறார், ஏதோ நான் பூட்டினது மாதிரி. பெட்டியும் கோடுமாக் கீறிக் குடுத்தன். சேர் "எஸ்ஜிஏஎம்மில கொண்டு வா" எண்டிட்டார், கரண்ட் லைனில என்னென்ன இருக்கு, ஆர் ஆரோட கதைக்கினம் எண்டு தட்டுத் தட்டாக் கீறுற படமுறை அது. ஐஞ்சு தட்டு, ஐஞ்சு துறை, ஆறு வலயம். தலை சுத்துது.

கனகராயன்:
தேவையானதை மட்டும் நிரப்பு தம்பி. ஆளுக்கொரு மாதிரிப் படம் கீறி, ஒருத்தற்றை மற்றவருக்கு விளங்காமல் போனதாலதான் சென், செனெலெக், எட்சி எண்ட ஐரோப்பியத் தர அமைப்புகள் மூண்டும் சேர்ந்து 2012இல அதைக் கொண்டுவந்தவை. முதல்ல ஐஇசி 62559 படிவத்தில, அதாவது என்ன நடக்கோணும் எண்டு எழுதுற சர்வதேசத் தரப் படிவத்தில, கதையை எழுது: வோல்டேஜ் ஏறினால் இன்வேட்டர் நிக்காமல் உற்பத்தியைக் குறைக்கோணும். அதில ஆர் ஆர் வருகினம்? இன்வேட்டர், மீற்றர், கொன்ட்ரோல் றூம், மாமா. பிறகு அடித்தட்டில சாமான்களை வை. அதுக்கு மேல தொடர்பு, தகவல், செயல்பாடு. இன்வேட்டர் தகவலை எப்பிடி எழுதுறதெண்டதுக்கு ஐஇசி 61850-7-420 எண்ட தரம் இருக்கு. மாமாவின்ர காசுக் கணக்கு மேல்தட்டில, வணிகத்தில.

பழைய வயர்மன்:
படம் வடிவா வரும், வோல்டேஜ் இறங்காது. ஆர் ஆரோட கதைக்கினம் எண்டதுதான் அதில தெரியும். கம்பியின்ர ஓம் எந்தத் தட்டிலயும் இல்லை. எங்கட சட்டப்படி 230க்கு ±6 வீதம், அதாவது 244க்குள்ள நிக்கோணும். நீளம், கம்பிப் பருமன் எடுத்து ஓப்பன்டிஎஸ்எஸ் எண்ட லைன் கணக்குப் பாக்கிற மென்பொருளில போட்டுப் பார். சோலார் வீடுகள் எந்தப் பேஸில நிக்குதெண்டும் கேள். எல்லாம் ஒரே பேஸ் எண்டால் நியூட்றலிலயும் வோல்டேஜ் ஏறும், கூட்டித்தான் வரும்.

கனகராயன்:
வயர்மன் அண்ணை சொல்லுறது சரி. எடுக்கிற விபரத்தை எக்செலில சிதற விடாதை, சிஐஎம் முறையில எழுது, கரண்ட் லைன் விபரத்தை எல்லா மென்பொருளுக்கும் பொதுவா எழுதுற முறை அது, ஐஇசி 61970, 61968 தரங்களில இருக்கு. நாளைக்கு வேற மென்பொருளுக்கும் அதையே குடுக்கலாம்.

முறிகண்டிப் பொடியன்:
இண்டைக்குப் போனனான். ட்ரான்ஸ்போமரில இருந்து மாமா வீடு வரைக்கும் 14 போஸ்ட். நாலு சோலார் வீட்டில மூண்டு ஒரே பேஸாம், லைன் பாக்கிற அண்ணை சொன்னவர். சேருக்குப் படம், லைன் கணக்கு ரெண்டும் கொண்டு போறன். மாமாவுக்கு இன்னும் சொல்லேல்லை.

பழைய வயர்மன்:
போஸ்டில ஏறிப் பாக்க வெளிக்கிட்டிடாதை.