சொசைட்டி வீதி வாட்ஸ்அப் குரூப்: ஸ்கூல் கேட்டுச் சாவி

ஞாயிறு

சாந்தி அக்கா, காலை 6:52
இன்னிக்கும் கள்ளு ஜீப் ஒண்ணு உரசிட்டுப் போச்சுங்க. கையில இருந்த டார்ச் வாய்க்கால்ல விழுந்துருச்சு. இனி பொள்ளாச்சி ரோட்டுல நான் நடக்க வரலை.

முருகேசன், 6:55
அடி கிடி பட்டுச்சாக்கா?

சாந்தி அக்கா, 6:56
இல்ல தம்பி. 180 ரூபா டார்ச்சுதான் போச்சு.

டிரைவர் செல்வம், 7:03
அக்கா, நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கா கள்ளு எத்தனை ஜில்லாவுக்குப் போகோணும். நேரமானா புளிச்சுரும். அவங்க நிக்க மாட்டாங்க, நாமதான் ஒதுங்கோணும்.

சாந்தி அக்கா, 7:04
எங்கடா ஒதுங்கறது? ஒரு பக்கம் வாய்க்கா, இன்னொரு பக்கம் டிப்பரு.

கௌசல்யா, 7:15
ஹைஸ்கூல் கிரவுண்டு சும்மாதானே கெடக்குது? காலைல ஒரு மணி நேரம் தொறந்து விட்டா என்னங்க? சுகர் பார்க்கப் போனா டாக்டர் வாரத்துக்கு 150 நிமிஷம் நடங்கறாரு. ரோட்டுல நடந்தா சுகருக்கு முன்னாடி ஜீப்பு கொண்டு போயிரும் 😅

வாத்தியார் ஐயா, 8:20
அது அவ்வளவு லேசு இல்லம்மா. நான் வேலையில இருந்தப்போ ஒரு தடவை சாயங்காலம் தொறந்து விட்டோம். திங்கட்கிழமை காலைல பார்த்தா கோல்போஸ்ட் பக்கத்துல உடைஞ்ச பாட்டில். ஆறாங்கிளாஸ் பையனுக்கு உள்ளங்கால்ல மூணு தையல். அதுக்கப்புறம்தான் பூட்டு.

டிரைவர் செல்வம், 8:24
பூட்டு மட்டும் இருக்குது சார். பின்னாடி சொவத்துல பொந்தும் இருக்குதே. எங்க பசங்க தெனமும் அதுல போயித்தான் பந்து ஆடறாங்க.

கௌசல்யா, 8:26
அப்ப அந்த கேட்டு யாருக்குங்க பூட்டியிருக்குது? பொந்துல நுழைய முடியாத எங்களுக்கு மட்டுந்தானா?

முருகேசன், 8:27
👏👏

சாந்தி அக்கா, 8:31
போன வருசம் நானும் அதுல நுழைஞ்சு பாத்தேன். சீலை கம்பியில மாட்டிக்கிச்சு. அந்தக் கதை வேண்டாம்.

வாத்தியார் ஐயா, 9:10
சரி, சட்டத்தைச் சொல்றேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில ஸ்கூலுக்கு விளையாட்டு மைதானம் வேணும்னு இருக்கு. சுத்துச்சுவரோ வேலியோ வேணும்னும் அதுலயே இருக்கு. 2024 ஏப்ரல்ல கேரள ஹைகோர்ட்டு, மைதானம் இல்லாத ஸ்கூலை மூடவும் தயங்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. எல்லாம் பிள்ளைங்களுக்காக. ஊருக்குத் தொறந்து விடணும்னு இதுல எங்கயும் இல்ல. அதனால கேட்டுத்தான் வாங்கணும், சண்டை போட்டு இல்ல.

கௌசல்யா, 9:14
யாருகிட்டங்க கேக்கறது? பஞ்சாயத்து மெம்பர்கிட்டயா?

வாத்தியார் ஐயா, 9:22
எல்.பி., யு.பி.ன்னா, அதாவது ஆரம்ப, நடுநிலை ஸ்கூல்னா, கிராம பஞ்சாயத்து போதும். 1995ல அதிகாரப் பங்கீடு வந்தப்போ ஹைஸ்கூல் ஜில்லா பஞ்சாயத்துக்குக் கீழ போயிருச்சு. முதல்ல ஹெச்.எம்., பெத்தவங்க-டீச்சர் சங்கம் (பி.டி.ஏ.) ரெண்டு பேரும் சம்மதிக்கட்டும், அப்புறம் லெட்டரை மேல அனுப்பலாம்.

பிரபு (டல்லாஸ்), 9:40
இங்க ஸ்கூலும் ஊர் நிர்வாகமும் ஒப்பந்தம் எழுதி கையெழுத்துப் போட்டு வெச்சுக்குவாங்க. எத்தனை மணிக்குத் தொறக்கறது, யாரு கூட்டறது, அடிபட்டா யாரு பொறுப்புன்னு எல்லாமே அதுல இருக்கும். ஸ்கூல் நேரத்துல வெளியாளு உள்ள வர முடியாது.

முருகேசன், 9:43
பிரபு, அங்க கள்ளு ஜீப் இருக்குதா? 😂

வாத்தியார் ஐயா, 9:50
சிரிக்காதடா, அவன் சொல்றது நல்ல யோசனை. ஒரு பக்கம் எழுதினா போதும். அடிபட்டா ஸ்கூல் மேல கேஸ் போட மாட்டோம்னு அதுல இருந்தாத்தான் ஹெச்.எம். கையெழுத்துப் போடுவாங்க. பாட்டில் பொறுக்கறது யாரு, அதைச் சொல்லுங்க.

சாந்தி அக்கா, 9:58
எங்க குடும்பஸ்ரீ மகளிர் குழுவுல பன்னெண்டு பேரு இருக்கோம். நடக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து கூட்டிருவோம். பாட்டிலை, வீடு வீடா குப்பை எடுக்க வர்ற ஹரித கர்ம சேனாக்காரங்ககிட்டக் குடுத்துரலாம். ஆனா ஒண்ணு, 5:30லருந்து 6:15 வரைக்கும் பொம்பளைங்க மட்டும். அந்நேரத்துக்கு ஆம்பளைங்க வந்து போனைத் தூக்கிட்டு நிக்கக் கூடாது.

டிரைவர் செல்வம், 10:01
அப்ப நாங்க எப்போ நடக்கறது?

சாந்தி அக்கா, 10:01
நீ என்னிக்குடா நடந்த?

புதன்

வாத்தியார் ஐயா, மாலை 5:35
ஹெச்.எம்.மையும் பி.டி.ஏ. தலைவரையும் பார்த்துட்டு வந்தேன். ஜில்லா பஞ்சாயத்து பதில் வர்ற வரைக்கும் ஒரு மாசம் பரீட்சார்த்தமா விடறாங்க. 5:30க்குத் தொறந்து 7:15க்குப் பூட்டணும். வண்டி உள்ள வரக் கூடாது. சாயங்காலம் இப்போதைக்கு இல்ல, பிள்ளைங்க பிராக்டீஸ் இருக்கு. பாட்டில் ஒண்ணு கெடந்தாலும் சாவியைத் திருப்பி வாங்கிக்குவாங்களாம்.

கௌசல்யா, 5:36
சாவி யாருகிட்டங்க?

வாத்தியார் ஐயா, 5:37
சாந்திகிட்டத்தான். ஹெச்.எம்.மே அவ பேரைத்தான் சொன்னாங்க.

சாந்தி அக்கா, 5:49
இப்பத்தான் தொறந்து பாத்துட்டு வாறேன். பூட்டு துருப்புடிச்சு நாலு தடவை ஆட்டுனாத்தான் தொறக்குது. செல்வம், வர்றப்ப தேங்காண்ணெய் ஒரு கரண்டி கொண்டா.

டிரைவர் செல்வம், 5:52
கொண்டாறேன். எங்க பசங்க பொந்தை என்ன பண்றதுங்க சார்?

வாத்தியார் ஐயா, 5:53
அதை அடைக்கறதும் கண்டிஷன்ல இருக்கு. நீ வெள்ளிக்கிழமை சிமெண்ட் மூட்டை எறக்கினா சனிக்கிழமை அடைச்சிரலாம்.

டிரைவர் செல்வம், 5:54
😐