முட்டிக்கு விஏ (அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறை) ஊன ரேட்டிங் இருக்கு, அதால வந்த மத்த பிரச்சினைக்கும் கிடைக்குமா?

மீனா_டெக்சாஸ்:
எங்க வீட்டுக்காரர் யூஎஸ் ஆர்மில இருந்தவர், இடது முட்டிக்கு 20% இருக்கு. வலிக்கு வருஷக்கணக்கா ஐபுப்ரோஃபென் போட்டுப் போட்டு இப்ப ஒரே நெஞ்செரிச்சல், ராத்திரி நிமிந்து உக்காந்துதான் தூங்குறார், ஒரு கால தாங்கித் தாங்கி நடந்து வலது இடுப்பும் போச்சு. ரெண்டுக்கும் க்ளெயிம் போட்டோம், சர்வீஸ்ல இருந்தப்போ ட்ரீட்மென்ட் ரெக்கார்ட் இல்லனு டினை ஆயிடுச்சு. வெளிய வந்தப்புறம் வந்த நோய்க்கு ரெக்கார்டுக்கு எங்க போறது? பாக்கவே கஷ்டமா இருக்குங்க.

பழைய_சார்ஜென்ட்:
வழி இருக்கும்மா. செகண்டரினு, அதாவது முதல் பிரச்சினையால வந்த அடுத்த பிரச்சினைனு கேக்கணும், அதுக்கான அரசு விதி 38 சிஎஃப்ஆர் 3.310. சர்வீஸ் காலத்தோட முடிச்சுப் போட வேணாம், ஏற்கெனவே ஒத்துக்கிட்ட முட்டியால வந்துச்சுனு காட்டினா போதும், முட்டிக்குச் சாப்பிட்ட மாத்திரையால வந்ததும் சேரும். டாக்டர்ட்ட நெக்சஸ் லெட்டர், அதாவது இதாலதான் அது வந்துச்சுனு சொல்ற லெட்டர் வாங்குங்க. "இருக்கலாம்"னு எழுதினா நிக்காது, குறைஞ்சது பாதிக்குப் பாதி வாய்ப்புனு எழுதணும், எந்த மாத்திரை, என்ன டோஸ், எத்தன வருஷம், அது வயித்த என்ன பண்ணும்னு காரணமும் வேணும். இடுப்பு முட்டியால வரலன்னாலும் முட்டியால மோசமாச்சுன்னா அந்த மோசமான அளவுக்குக் கிடைக்கும், 1995லயே ஆலன் வழக்குல தீர்ப்பு வந்தாச்சு. லெட்டர்ல ரெண்டையும் எழுதச் சொல்லுங்க, பல டாக்டருங்க முதல் பாதியோட நிறுத்திடுறாங்க.

கவிதா_வெட்வைஃப்:
மீனா, டினையல் தேதிலருந்து 1 வருஷத்துக்குள்ள 20-0995 ஃபார்ம்ல புது ஆதாரத்தோட சப்ளிமென்டல் க்ளெயிம் போட்டுருங்க, அப்பதான் ஜெயிச்சா பழைய தேதிலருந்து பணம் வரும், தாண்டிட்டாலும் போடலாம் ஆனா தேதி போயிடும். நீங்களும் 21-10210ங்கிற சாட்சி ஃபார்ம்ல எழுதுங்க, அவர் எப்ப நொண்ட ஆரம்பிச்சார், ராத்திரி எப்படி இருக்கார்னு கூட இருந்து பாத்தது நீங்கதானே. நெஞ்செரிச்சலுக்கு 2024 மே மாசத்துலருந்து ரூல் மாறிடுச்சு, உணவுக்குழாய் சுருங்கிருக்கானுதான் முக்கியமா பாக்குறாங்க, 0% கூட வரலாம். வந்தாலும் விடாதீங்க, முட்டியால வந்ததுனு விஏ ஒத்துக்கிட்டு கனெக்‌ஷன் கிடைச்சுட்டா பின்னாடி மோசமானா கூட்டிக் கேக்கலாம். இடுப்புக்கு 10% வந்தா மொத்தம் 30% ஆகும்.

பழைய_சார்ஜென்ட்:
இன்னொண்ணு, கூடுற பணத்துல இத்தன மாசம் எங்களுக்குனு எவனாவது போன் பண்ணா வச்சுருங்க. டிஏவி, அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ மாதிரி வெட்டரன்ஸ் சங்கங்க எல்லாம் ஃப்ரீயா பாத்துக் குடுப்பாங்க, உங்க கவுன்ட்டி வெட்டரன்ஸ் ஆபீசர்கிட்டயும் கேக்கலாம். டினையல் லெட்டர எடுத்துட்டுப் போங்க, அவங்க முதல்ல அதத்தான் கேப்பாங்க.