புயலில் சாய்ந்த பலாப் பலகையில் நாகஷிமா முறையில் மேசை செய்யலாமா?

மன்னார்குடிக் கொல்லை:
2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த எங்கள் கொல்லைப் பலாவை இரண்டரை அங்குலப் பலகைகளாக அறுத்துக் கொட்டகைப் பரணில் அடுக்கி வைத்திருக்கிறோம். இருப்பதிலேயே அகலமான பலகையின் அடித்தூர்ப் பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டு ஓரங்களை நேராக இழைத்து, இரண்டு சிறு மேசைகளாக்கலாம் என்கிறார் ஆசாரி. கட்டடக் கலைஞரும் மரச்சாமான் வடிவமைப்பாளருமான ஜார்ஜ் நாகஷிமா வெடிப்பையும் வளைந்த ஓரத்தையும் அப்படியே வைத்து மேசை செய்தவர் என்று படித்ததிலிருந்து, மரத்தை முழுதாகவே வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அம்முறை நம் ஊர் ஈரத்துக்கும் பலாவுக்கும் ஒத்துவருமா?

காரைக்கால் கட்டடக்கலை:
வணக்கம் ஐயா. நம் பக்கத்து ஈரம் அவர் அறியாததன்று. 1905இல் அமெரிக்காவில் பிறந்து கட்டடக்கலை பயின்ற நாகஷிமா, டோக்கியோவில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டிடம் பணியாற்றியபோது, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட 1930களில் வந்தார். அங்கு அவருக்குச் சுந்தரானந்தா என்ற பெயரும் கிடைத்தது. வெயிலுக்கேற்பத் திருப்பக்கூடிய கான்கிரீட் பட்டைகளும், மூடியபோதும் காற்றை உள்ளே விடும் தேக்குச் சட்டக் கதவுகளும் கொண்ட அந்த விடுதிக்குத் தேக்குச் சாமான்களையும் அவரே வடிவமைத்தார். பின்னர் போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காக 1942இல் ஐடஹோ முகாமில் அடைக்கப்பட்டிருந்தபோது, அங்கிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் மரபுவழி மர இணைப்பு முறைகளைக் கற்றார். அவருடைய மேசைகளில் வெடிப்பின் குறுக்கே தெரியும் வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பு வெறும் அலங்காரமன்று. வெடிப்பு மேலும் ஓடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான்.

தஞ்சைத் தச்சுப்பட்டறை:
தம்பி சொன்ன ஆப்பைப் பலா வைரத்திலோ (மரத்தின் கெட்டியான உள்பகுதி) பூவரசிலோ செய்யுங்கள். அதன் ரேகை வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும். வெடிப்பின் போக்கிலேயே ஓடினால் ஒடுங்கிய இடையில் ஒடிந்துவிடும். பலகையின் பாதிக் கனத்துக்கு உளியால் குழி எடுத்து, கொட்டாப்புளியால் தட்டினால்தான் இறங்கும் என்கிற இறுக்கத்தில் பொருத்துங்கள்.

எனக்குக் கவலை ஓரத்தைப் பற்றித்தான். தஞ்சாவூர் வீணைக்கு உதவும் பலா வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. நீங்கள் காப்பாற்ற நினைக்கும் வளைந்த ஓரமோ வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய மென்மையான வெளிப்பகுதி; உளுப்பது அங்கேதான். பட்டையை முழுவதும் உரித்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசிக் காயவிட்ட பிறகே எண்ணெய் பூசுங்கள். ஏற்கெனவே ஊசித்துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால், அந்த இடத்தை வளைவின் போக்கிலேயே வைரம்வரை செதுக்கிவிடுவது நல்லது.

மன்னார்குடிக் கொல்லை:
மிக்க நன்றி ஐயா. ஓரிடத்தில் தூள் உதிர்கிறது, செதுக்கிவிடச் சொல்கிறேன். கால் சட்டத்தைப் பசை போட்டுத் திருகாணியால் இறுக்கிவிடலாமா?

தஞ்சைத் தச்சுப்பட்டறை:
பசை வேண்டாம். ஐப்பசி அடைமழையில் பலகை அகலவாக்கில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். அசையவிடாமல் ஒட்டினால் வேறோர் இடத்தில் வெடிக்கும். சட்டத்தில் திருகாணித் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளமாக எடுத்து, வாஷர் வைத்து முடுக்கச் சொல்லுங்கள்.