டுட்டோரியல் படத்துக்கு உரிமைச் சிக்கல், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

நண்பர்களே, ஜிம்ப் என்ற பட எடிட்டிங் மென்பொருளில் மங்கிய பழைய படங்களைச் சரிசெய்வது பற்றித் தமிழில் ஒரு பாடம் எழுதியிருக்கிறேன். நான் இதைக் கற்றது ஒருவருடைய ஆங்கில டுட்டோரியலில். லேயரை (பட அடுக்கை) நகலெடுத்து, கர்வ்ஸில் (வெளிச்சத்தை மாற்றும் வளைகோட்டில்) நடுப்பகுதியை லேசாக மேலே இழுத்து, அந்த அடுக்கை மறைக்கக் கறுப்பு மாஸ்க் போட்டு, மாஸ்க்கில் முகம் வரும் இடத்தில் மட்டும் மென்மையான பிரஷ்ஷால் வெள்ளை பூச வேண்டும், அவ்வளவுதான் வித்தை. வித்தைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்கும் படங்களுக்கும்தான். அதனால் சொந்த நடையில், நானே எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளோடு எழுதிவிட்டேன்.

சிக்கல் அவருடைய பயிற்சிப் படத்தில். நிபந்தனையோடு எவரும் பகிரலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்தான், ஆனால் மாற்றம் கூடாது என்ற வகை. பெயர் போட்டு அப்படியே பகிரலாம், திருத்தியதைப் பகிரக் கூடாது. எடிட்டிங் பாடத்தில் திருத்திய படத்தைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது! அனுமதி கேட்டு மின்னஞ்சல் போட்டு மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. (என் பாடம் ஒன்றை யாரோ வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டுப் போட்டிருந்தார்கள், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.)

சரி, திருத்திப் பகிர அனுமதியுள்ள, கீறல் விழுந்த பழைய முகப்படங்கள் எங்கே கிடைக்கும்? விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் கிடங்கில் படத்துக்குப் படம் உரிமம் மாறுகிறது. அப்புறம், 'ஷேர் அலைக்' (திருத்தியதையும் அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் வகை) படத்தைத் திருத்தினால் அந்தப் படத்தை மட்டும் அதே உரிமத்தில் விட்டால் போதுமா, பாடம் முழுவதையுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.